ஞாயிறுதோறும் மணல்திட்டுக்கு வரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். ஞாயிறுதோறும் சென்னையிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் நீங்கள். நண்டு வறுவல் சாப்பிடுகிறீர்கள். டச்சுக் கல்லறை வாசலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிலைகளோடு படம் எடுத்துக்கொள்கிறீர்கள். அப்புறம் பாலம் தாண்டி கலங்கரை விளக்கம் பக்கம் வண்டியை விடுகிறீர்கள். அதுவரைக்கும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கூட்டம் வந்தால் எங்கள் ஆட்களுக்கும் நாலு காசு. ஆனால் தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்திலும் நிற்காமல் மேட்டின் மேல் ஏற்றுகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் பொன்னேரிக்காரன். அம்மாவின் ஊர் அந்த மணலில் இருக்கும் குப்பங்களில் ஒன்று. பள்ளி விடுமுறை முழுக்க அங்கேதான் கழியும். காற்றில் உருண்டோடும் இராவணன் மீசைப் புல்லின் முள் பந்துகளைத் துரத்துவதுதான் எங்கள் விளையாட்டு. பிடித்தால் கையில் குத்தும்; ஆனாலும் பிடிப்போம்.

நீங்கள் அதைக் கடற்கரை என்கிறீர்கள். மெரினா போல ஒரு கரை என்று நினைத்துக்கொண்டால் எல்லாம் தப்பாகப் போகும். ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் ஏரி. நடுவில் கிடக்கிற மணல்திட்டு அது. முகத்துவாரத்தைத் தாண்டினால் வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவாக நீள்கிறது. தெற்கே காட்டுப்பள்ளி வரை போகிறது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பின்னால் இருக்கிறது என்றால், அது இந்த மணல் முன்னால் கிடப்பதால்தான். புயலின் முதல் அடி மணலுக்கு, மிச்சம்தான் ஊருக்கு.

இந்த மணல் ஓரிடத்தில் கிடக்காது. மழைக்காலத்தில் ஆரணியாற்று வெள்ளம் வந்து முகத்துவாரத்தை அகலத் திறக்கும். கோடையில் ஏரியிலிருந்து போகும் நீரின் வேகம் குறைந்ததும் அலை மணலைத் தள்ளி அதை அடைக்கப் பார்க்கும். அடைத்துக்கொண்டால் ஏரி வற்றி உப்பு ஏறும். கடலில் பொரிக்கும் இறால் குஞ்சு ஏரிக்குள் வந்து வளர வழி இருக்காது. 'பாடு' என்று முறை வைத்து வலை கட்டும் எங்கள் ஆட்களுக்கு அந்த வருடம் வலையில் ஒன்றும் இருக்காது.

மேட்டுக்குள் இன்னொன்றும் இருக்கிறது. சுற்றிலும் உப்புத் தண்ணீர், ஆனால் மேட்டடியில் கையால் நாலடி தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறும். பாட்டி தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு குடம் நிரப்பியதைப் பார்த்திருக்கிறேன். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேடு கரைந்தால் அந்த ஊற்றும் போய்விடும். மேட்டைப் பிடித்து வைத்திருப்பதோ உங்கள் டயருக்கு அடியில் நசுங்குகிற அடும்பங்கொடியும் இராவணன் மீசையும்.

போன பங்குனியில் நடந்ததைச் சொல்கிறேன். விடியற்காலையில் மாமாவோடு கரையில் நடந்துகொண்டிருந்தேன். முந்தைய நாள் மாலை ஏழெட்டு வண்டிகள் அங்கே பந்தயம் மாதிரி ஓடியிருந்தன. யாருடைய குழு என்று இங்கே எழுதப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும். டயர் தடம் ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் போல, கடலுக்கு இணையாக நீண்டு கிடந்தது. அதற்குள் ஏதோ அசைந்தது. ஆமைக் குஞ்சுகள், என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரியவை. சுவர் ஏற முடியாமல் தடத்துக்குள்ளேயே வரிசையாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தன. கடல் பத்தடியில் இருக்கிறது, அவை போகிற திசையோ தெற்கு. பதினொன்றை எடுத்து ஈர மணலில் விட்டோம். நாலைந்தைக் காக்கை ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தது. மாமா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் ரொம்பக் கோபம் என்று அர்த்தம்.

பங்குனி ஆமைகள் வருகிற காலம் முடியும் நேரம். தையிலிருந்தே வரும். ஒவ்வொன்றும் நூறு முட்டை அளவுக்கு இட்டு மூடிவிட்டுப் போகும்; ஏழெட்டு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். அடும்பங்கொடியைச் சிதைத்து ஆமை மணலில் முட்டையைப் புதைக்கிற காட்சி சங்கப் பாட்டிலேயே வருகிறது, அவ்வளவு பழைய வழக்கம். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. அதற்கு மீன்பிடி வலைதான் முக்கியக் காரணம். எங்கள் பக்கத்துத் தப்பையும் மறைக்கவில்லை.

சரி, உங்கள் பதில் எனக்குத் தெரியும். "துறைமுகங்களை விட்டுவிட்டு என் ஜீப்பைப் பிடிக்கிறாயே" என்பீர்கள். நியாயமான கேள்விதான். வருடத்தில் பெரும்பகுதி இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. எண்ணூரில் 2001-ல் ஒன்று, பிறகு காட்டுப்பள்ளியில் ஒன்று என்று துறைமுகங்கள் வந்து, கல் தடுப்புகள் அந்த மணலைத் தெற்கிலேயே பிடித்துக்கொள்கின்றன. வடக்கே இருக்கிற எங்களுக்குக் கடல் அரிப்பு. அதற்கும் மனு எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் ஏற்கெனவே இளைத்துப்போன மேட்டில் ஒரு டயர் தடம்கூடப் பெரிய காயம்.

இன்னொரு பதிலும் உண்டு: "அப்படியென்றால் பூட்டிவிடலாமே!" பூட்டிய பகுதியும் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் போனது. வெளியாட்கள் நுழைய முடியாததால் அங்கே காடு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதற்காக அங்கே வாழ்ந்த யானாதிப் பழங்குடிக் குடும்பங்கள் தீவை விட்டுப் போக வேண்டியிருந்தது. இன்றும் ராக்கெட் ஏவும் நாளில் எங்கள் படகு கடலுக்குப் போகக் கூடாது. பூட்டு போடுகிறவர்கள் உங்களையும் மாமாவையும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் ஞாயிறு முடிந்து வீட்டுக்குப் போய்விடுவீர்கள், அவருக்கு வீடே அங்கேதான். உங்கள் வண்டியால் எங்களுக்குப் பூட்டு வரக் கூடாது என்பதே என் பயம்.

அதனால் கேட்கிறேன். வண்டியைத் தார்ச்சாலையிலேயே விட்டுவிட்டு நடந்து வாருங்கள். இருபது பேர் ஒன்றாக வராமல் ஐந்தாறு பேராக வாருங்கள். குப்பத்தில் ஒருவரைக் கூப்பிட்டுக் கூலி கொடுத்து அழைத்துப் போகச் சொல்லுங்கள். எந்த மேட்டில் முட்டை இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். பூநாரைக் கூட்டத்தின் மேல் டிரோன் விடாதீர்கள். அவை தலையைக் கவிழ்த்துச் சேற்றை அலசி வயிற்றை நிரப்ப மணிக்கணக்காகும். ஒரு முறை மொத்தமாகப் பறந்தால் உங்களுக்கு நல்ல காட்சி, அவற்றுக்குப் பட்டினி. படகு சவாரி என்று யாராவது கூப்பிட்டால் போகவே போகாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அந்தச் சாயங்காலம் கரையில் கேட்ட அழுகையை இங்கே யாரும் மறக்கவில்லை.

ஆமை பார்க்க மாசி மாதம் ஒரு சனிக்கிழமை இரவு வந்தால் மாமாவிடம் சொல்லி வைக்கிறேன். டார்ச் வேண்டாம், செல்போனையும் பையில் போட்டுவிடுங்கள். கண் பழகக் கால் மணி நேரம் ஆகும்.

இப்படிக்கு,
பொன்னேரியிலிருந்து ஒருவன்

பி.கு.: அந்தத் தடத்தை மறுநாள் மண்வெட்டியால் மூடினோம். இரண்டு பேருக்கு அரை நாள் வேலை. கூலி கேட்கவில்லை, வரும்போது மாமாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.