சாரதி பெயரையும் நோட்டில் ஏற்றுங்கள்

மதுரை, மேலூர் வட்டாரத்தில் குதிரை வண்டி, மாட்டு வண்டிப் பந்தயம் நடத்தும் விழாக் கமிட்டியாருக்கு,

வணக்கம். கோயில் விழாவுக்கு ஒரு பந்தயம் வைக்க நீங்கள் படும் பாடு தெரியும். போலீஸ் அனுமதிக்கு அலைய வேண்டும், வீடு வீடாக வரி வசூலிக்க வேண்டும், காலையிலேயே ரோட்டை மறித்துக் கூட்டத்தை ஒதுக்க வேண்டும். அந்த உழைப்பின் மேல் மரியாதை உள்ளதால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் சின்னக் குதிரை வண்டி ஓட்டினான். சொந்தக் குதிரை கிடையாது, கூப்பிட்டவர்களுக்கு ஓட்டிக் கொடுப்பான். மூன்று வருஷம்கூட முழுசாக ஓட்டவில்லை. ஒரு பந்தயத்தில் பக்கத்து வண்டியின் சக்கரம் உரசி, வண்டி குடைசாய்ந்து முழங்கால் போனது. அதோடு சரி. இப்போது மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான்.

எல்கையில், அதாவது வண்டிகள் திரும்பி வர வேண்டிய இடத்தில், அவன் வண்டி திருப்புவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நேர் ரோட்டில் நல்ல குதிரை தானாகவே ஓடும். திருப்பத்தில்தான் சாரதி யார் என்று தெரியும். கொஞ்சம் தூரத்திலேயே வேகத்தைப் பிடித்து, உள்பக்க லகானைச் சுண்டி, மறுகையைத் தளர்த்திவிடுவான். உள்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் உடம்பு முழுவதையும் அந்தப் பக்கம் சாய்த்துப் பலகையை அமுக்குவான். சாட்டையை ஓங்கவே மாட்டான். வண்டி நிமிர்ந்ததும் நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம், அவ்வளவுதான். இறங்கிய பிறகு பார்த்தால் விரல் இடுக்குகளில் லகான் அறுத்த தடம் சிவந்து கிடக்கும்.

அவன் ஜெயித்த நாட்களில் மைக்கில் குதிரைக்காரர் பெயரும் ஊர்ப் பெயரும்தான் ஒலித்தன. அதில் எனக்குக் குறை இல்லை. வருஷம் பூராவும் தீவனம் போட்டு, பழக்கி, வண்டியேற்றிக் கொண்டுவருபவருக்குப் பெருமை சேரத்தான் வேண்டும். ஆனால் ஓட்டியவன் பெயர்? சில ஊர்களில் சாரதி பெயரையும் வாசித்துத் துண்டு போடுகிறார்கள். பல ஊர்களில் அது இல்லை.

சென்னை கிண்டியில் மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் தொடங்கியது. அப்படிப்பட்ட ரேஸ் கிளப்புகளின் ரேஸ் புத்தகத்தில் குதிரையின் பெயரோடு ஜாக்கியின் பெயரும் அச்சாகும், குதிரை சுமக்கும் எடையும் இருக்கும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கியை எடை போடுவார்கள். ஒரே ஒரு ரேஸ் ஜெயித்துவிட்டு ஒதுங்கியவர்கூட முடிவுப் பட்டியலில் இருப்பார். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னபோது, ஜாக்கிகள் குதிரை ஓட்டும் கலையில் தேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொன்னது. நம் ரோட்டில் எல்கை திருப்புகிறவனிடம் இருப்பதும் அந்தக் கலைதான்.

அங்கே நடக்கும் சூதாட்டம் நமக்கு வேண்டாம். எழுதி வைக்கும் பழக்கம் மட்டும் போதும். வண்டி பதியும்போதே சாரதி, துணைச் சாரதி பெயர்களை நோட்டில் ஏற்றுங்கள். ஜெயித்த வண்டிக்காரர் கொடி வாங்கும்போது அவர்களையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். அந்த நோட்டைப் பந்தயம் முடிந்ததும் பழைய பேப்பரோடு போட்டுவிடாமல் கோயில் கணக்கோடு பத்திரப்படுத்துங்கள். அப்புறம், வசூலில் கொஞ்சம் ஒதுக்கி அன்றைய ஒரு நாளுக்காவது சாரதிகளுக்கு விபத்துக் காப்பீடு எடுக்க முடியுமா என்று கூடிப் பேசுங்கள்.

தம்பியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டிய இடம் உங்கள் மேடை. இந்த வருஷம் பந்தயம் வைக்கும்போது பழைய சாரதிகளையும் அழைப்பதாக இருந்தால் தகவல் சொல்லுங்கள், அவனை நான் கூட்டிவருகிறேன்.

இப்படிக்கு,
மேலூர்ப் பக்கத்துப் பந்தய ரசிகன்