ஹம்ப்டா போகும் முன் மல்லிகாவுக்கு

பொள்ளாச்சி
ஜூன் 18

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற கால் இனி மலை ஏறப் போகிறது என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதுவும் நித்யா தானே முன்வந்து, "வாம்மா, ஹம்ப்டா கணவாய் போகலாம்" என்று கூப்பிட்டிருக்கிறாள் பார், அதை விட்டுவிடாதே. முழங்கால் வலியைக் காரணம் காட்டிப் பின்வாங்கினால் எனக்குக் கோபம் வரும். தினமும் மலைக்கோட்டைப் படி ஏறி இறங்குகிறேன் என்கிறாயே, அதைவிட நல்ல பயிற்சி திருச்சியில் வேறு ஏது?

இங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழை வந்துவிட்டது. தோப்பில் வேர் வாடல் பிடித்த தென்னைகளை வெட்டச் சொல்லிவிட்டோம். அப்பா கையால் வைத்த மரங்கள். வெட்டுகிற அன்று நான் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டேன். புதுக் கன்றுக்குக் குழி எடுத்தாயிற்று. மற்றபடி எல்லோரும் நலம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "ஜூலைக் கடைசியில் போகிறோம், மழையில் சாமான் எல்லாம் நனைந்துவிடும் என்கிறார்களே, எப்படிச் சமாளிப்பது?" என்று கேட்டிருந்தாய். முதலில் அந்த வழியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள். நீங்கள் மணாலிப் பக்கம் ஜோப்ராவில் நடக்கத் தொடங்குவீர்கள். சிக்கா, பாலு கா கேரா என்று இரண்டு முகாம்கள். இரண்டும் குல்லு பள்ளத்தாக்கின் பக்கம், பருவமழை நேராக வந்து மோதுகிற சரிவு. அதற்குப் பிறகு சுமார் 4,270 மீட்டர் உயரத்தில் கணவாய். அதைத் தாண்டி இறங்கினால் லாஹௌல் பள்ளத்தாக்கு. பீர் பஞ்சால் மலைத்தொடர் மழை மேகத்தை இந்தப் பக்கமே நிறுத்திவிடுவதால் அங்கே பச்சையே குறைந்துவிடும், வெறும் பாறையும் காற்றும்தான். ஆக, நீ ஈரத்தோடு போராட வேண்டியது பெரும்பாலும் முதல் இரண்டு இரவுகள். மூன்றாம் நாள் முகாமான ஷியா கோருவில் வெயில் கிடைத்தால் துணியைப் பாறைமேல் விரித்து உலர்த்திக்கொள்ளலாம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

அடுத்து, நான் உறுதியாக நம்புகிற ஒரு விஷயம். எல்லாவற்றையும் நனையாமல் காப்பாற்ற வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்குக் கடைசியில் எல்லாமே நனைந்துவிடுகிறது. மழைக்காலத்து மலையில் அது நடக்காத காரியம். எது நனையவே கூடாது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடு. ஸ்லீப்பிங் பேக், இரவில் போட்டுக்கொள்கிற ஒரு செட் உடுப்பு, கம்பளிக் காலுறை ஒரு ஜோடி. இவற்றோடு மாத்திரை, போன், அடையாள அட்டை. இவ்வளவுதான். மற்றவை நனையட்டும், ஒன்றும் ஆகாது. இவை நனைந்தால்தான் ஆபத்து. 3,600 மீட்டரில் ராத்திரி ஈர உடம்போடு, ஈரமான ஸ்லீப்பிங் பேக்கில் படுத்தால் உடம்புச் சூடு இறங்கிவிடும். நம் வயதில் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதுகுப்பைக்கு மேலே போடுகிற ரெயின் கவரை மட்டும் நம்பாதே. அது மூடுவது பையின் வெளிப்பக்கத்தைத்தான். முதுகோடு ஒட்டியிருக்கிற பக்கம் திறந்தே இருக்கிறது. கழுத்தில் இறங்குகிற தண்ணீர் முதுகு வழியாகப் பையின் தோள்பட்டைக்குள் ஊறி, உள்ளே போய்விடும். காற்று பலமாக அடித்தால் கவரே கழன்று பறக்கும். பைக்குள்ளே ஒரு பெரிய, கனமான பாலிதீன் பையை வை. உர மூட்டைக்குள் இருக்குமே, அந்த மாதிரித் தடிப்பானது. முன்பு எதுவும் போட்டு வைக்காத புதுப் பையாகப் பார்த்து வாங்கு. சாமானை அதற்குள் அடுக்கி, வாயை முறுக்கி, மடித்துச் செருகிவிடு. வெளியே எவ்வளவு கொட்டினாலும் உள்ளே போகாது. ஸ்லீப்பிங் பேக்கையும் இரவு உடுப்பையும் அதற்குள்ளும் தனித்தனி ட்ரை பேக்கில் (தண்ணீர் புகாத, வாயைச் சுருட்டி மூடுகிற பை) போடு. அந்தப் பையின் வாயைக் குறைந்தது மூன்று சுற்றுச் சுருட்டிய பிறகு கிளிப் போட வேண்டும். ஒரு சுற்றோடு விட்டால் அது வெறும் துணிப்பைதான். கோவேறு கழுதையின்மேல் ஏற்றிவிடுகிற பைக்கும் இதே ஏற்பாடு செய். கழுதை மேல் போகிறதே, யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்காதே. அந்தப் பை நாள் முழுக்க மழையில்தான் போகும்.

முகாம் வந்து சேருகிற அந்த அரை மணி நேரம்தான் முக்கியம். களைப்பாக இருக்கும், மழை பெய்துகொண்டிருக்கும், எல்லோரும் அப்படியே டென்ட்டுக்குள் நுழைந்து விழுவார்கள். நீ நுழையாதே. முதலில் டென்ட்டை ஒரு சுற்று சுற்றிப் பார். கூட வருகிற குழுவினர் கட்டியிருப்பார்கள், ஆனாலும் பார்ப்பதில் தப்பில்லை. அடியில் விரித்த தார்ப்பாய் டென்ட்டின் தரையைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், சரிந்து விழுகிற மழையெல்லாம் அதில் தேங்கி அடிவழியாக உள்ளே வரும். மடித்து உள்ளே தள்ளச் சொல். டென்ட்டின் மேல் போர்த்துகிற மழைத்துணியான மேல்விரிப்பு, உள்கூடாரத்தைத் தொடாமல் விலகி நிற்கிறதா என்று பார். நைலான் துணி நனைந்தால் இளகித் தொங்கும். மாலையில் விறைப்பாக இருந்தது ராத்திரிக்குள் தளர்ந்து உள்துணியில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டின இடத்தில் ஈரம் கசியும். அதனால் படுக்கப் போகும் முன் ஒருமுறை கயிறுகளை இழுத்து இறுக்க வேண்டும். இடத்தைத் தேர்வு செய்யும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால் சமமான, பள்ளமான புல்தரையை விட்டுவிட்டு லேசான மேட்டில் போடுங்கள். பார்க்க அழகாக மட்டமாக இருக்கிற இடம்தான் நடுராத்திரியில் குட்டையாகும். ஆற்றங்கரைக்குக் கிட்டவே வேண்டாம். சுற்றி வாய்க்கால் வெட்டும் பழக்கமும் வேண்டாம். அந்த உயரத்தில் ஒரு முறை கிளறின மண்ணில் மறுபடி புல் பிடிக்கப் பல வருஷம் ஆகும்.

அப்புறம் உள்ளே போகிற முறை. டென்ட்டின் வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கும். அதுதான் ஈரத்தின் எல்லை. போன்சோ (தலைவழியாகப் போடுகிற மழை அங்கி), ரெயின் கவர், சேறு பிடித்த ஷூ, நனைந்த பேன்ட் எல்லாம் அங்கேயே நிற்க வேண்டும். உட்கார்ந்தபடி பின்பக்கமாக உள்ளே நகர்ந்து, காலை வெளியே வைத்துக்கொண்டே ஷூவைக் கழற்று. ஈரத் துணியை அங்கேயே பிழிந்து ஒரு பாலிதீன் பையில் போடு. உடம்பைத் துடைத்துவிட்டு இரவு உடுப்பைப் போட்டுக்கொள். துடைக்க நம் ஈரிழைத் துண்டு இரண்டு எடுத்துப் போ. ஒன்று உடம்புக்கு, ஒன்று டென்ட்டின் தரையைத் துடைக்க. இறுக்கிப் பிழிந்தால் தண்ணீரெல்லாம் இறங்கிவிடும், மறுபடி துடைக்கலாம். எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும், அதை உடனே ஒற்றி எடுத்துவிட்டால் பெரிதாகாது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. காலையில் எழுந்தால் மேல்விரிப்பின் உள்பக்கம் முழுக்கத் துளித்துளியாக நிற்கும். டென்ட் ஒழுகிவிட்டது என்று எல்லோரும் புலம்புவார்கள். ஒழுகவில்லை, அது நம் மூச்சுதான். ராத்திரி முழுக்க இரண்டு பேர் விடுகிற மூச்சும் ஈரத்துணியிலிருந்து எழுகிற ஆவியும் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை எல்லாம் அடைத்தால் இன்னும் மோசமாகும். மழை உள்ளே அடிக்காத பக்கத்துத் துவாரத்தைத் திறந்தே வை. ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் டென்ட் சுவரை உரசாமல் பார்த்துக்கொள். முகத்தை உள்ளே புதைத்துக்கொண்டு மூச்சு விடாதே, மூக்கு வெளியே இருக்கட்டும். கொடுக்கிற ஸ்லீப்பிங் பேக்கில் இருப்பது இறகா, செயற்கைப் பஞ்சா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள். இறகு நனைந்தால் கட்டிகட்டியாகச் சுருங்கிச் சூடே தராது. செயற்கைப் பஞ்சு கொஞ்சம் பொறுக்கும். அடுப்பு மூட்டி டென்ட்டுக்குள் துணி காயவைக்கலாம் என்று யாராவது சொன்னால் நித்யாவையும் சேர்த்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிடு. மூடிய கூடாரத்தில் சேருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

காலையில் செய்ய வேண்டியதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. இரவு உடுப்பைக் கழற்றி மடித்து ட்ரை பேக்கில் வைத்துவிட்டு, நேற்றைய ஈர உடுப்பையே மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும். சில்லென்று இருக்கும், அழுகை வரும். உலர்ந்ததைப் போட்டுக்கொண்டே நடந்தால் என்ன என்று தோன்றும். எங்களோடு வந்த ஒரு பெண் அப்படித்தான் நடந்தாள், ஒரு மணி நேரத்தில் அதுவும் நனைந்துவிட்டது. அன்று ராத்திரி அவளுக்கு மாற்றிக்கொள்ள எதுவும் இல்லை. எங்களிடம் இருந்ததையெல்லாம் சேர்த்துப் போர்த்திவிட்டோம், ஆனாலும் நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று. ஈர உடுப்போடு நடக்கத் தொடங்கினால் பத்து நிமிஷத்தில் உடம்பு அதைச் சூடாக்கிவிடும். அதற்காகவே ஜீன்ஸ், பருத்திச் சட்டை எதுவும் வேண்டாம். பருத்தி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. செயற்கை நூல் சட்டை, மேலே மெல்லிய கம்பளி.

கம்பளி என்றதும் கத்தி (Gaddi) என்கிற மலை இடையர்கள் ஞாபகம் வருகிறார்கள். கோடையில் ஆடுகளை இந்தக் கணவாய் வழியாகத்தான் லாஹௌலுக்கு ஓட்டிப் போகிறார்கள். சோலா என்கிற கம்பளி அங்கி, அதன்மேல் இடுப்பில் டோரா என்கிற கம்பளிக் கயிற்றைச் சுற்றுச்சுற்றாகக் கட்டியிருப்பார்கள். பிறந்த குட்டியை அந்த அங்கிக்குள் போட்டுக்கொண்டு நடப்பார்கள். கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூட்டை விடாது. அதனால்தான் எந்தப் புதுத் துணியும் வராத காலத்திலேயே அவர்களால் அந்த மழையில் வாழ முடிந்திருக்கிறது. பார்த்தால் பேசு. ஆடு பற்றிக் கேட்டால் முகம் மலர்ந்துவிடும்.

ஷூ நனையும், தடுக்க முடியாது. வழியில் ஓடைகளைக் கடக்கும்போது கழற்றிவிட்டுச் செருப்பு மாட்டிக்கொள். ஷியா கோருவில் கடக்கிற தண்ணீர் பனி உருகி வருவது, கால் மரத்துப்போகும். கையைக் கோத்துக்கொண்டு கடக்கச் சொல்வார்கள், சொன்னபடி செய். முகாமில் ஷூவுக்குள் பழைய பேப்பரைக் கசக்கித் திணி, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துவிட்டு வேறு திணி. ஒரு வாரத்துச் செய்தித்தாளை எடுத்துப் போ, வேறு பல வேலைக்கும் ஆகும். பிழிந்த காலுறையைக் காயவைக்க ஒரு வழி இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு சமையல் கூடாரத்தில் வெந்நீர் வாங்கிப் பாட்டிலில் நிரப்பி, மூடியை நன்றாக இறுக்கி, காலுறையை அதன்மேல் மாட்டிவிடு. காலுக்கும் சூடு, காலுறையும் பாதி காயும். சொட்டச் சொட்ட இருக்கிற துணியை மட்டும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் கொண்டுபோகாதே.

ராத்திரி வெளியே போக வேண்டி வரும், நமக்கு அது தவிர்க்க முடியாதது. போன்சோ, செருப்பு, ஹெட்லேம்ப் மூன்றையும் வாசலில் ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் படு. இருட்டில் தேடினால் அந்த நேரத்துக்குள் டென்ட் நனைந்துவிடும். மழைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதே, அந்த உயரத்தில் தலைவலி பிடித்துக்கொள்ளும்.

கிளம்பும்போது சாமான் முழுவதையும் டென்ட்டுக்குள் இருந்தபடியே பாலிதீன் பைக்குள் அடுக்கி மூடிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். சொந்த டென்ட்டை எப்போதாவது நீங்கள் கொண்டுபோனால், ஈரமான மேல்விரிப்பைக் கடைசியாகக் கழற்றித் தனிப் பையில், மற்ற சாமானோடு சேராமல் வை. வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடியில் நிழலில் விரித்து முழுக்கக் காயவைத்த பிறகே சுருட்டு. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரமாகச் சுருட்டி வைத்தால் உள்பூச்சு பிசுபிசுத்து நாற்றம் எடுக்கும். அதைச் சரிசெய்வது கஷ்டம்.

இவ்வளவு சொன்னாலும் ஒன்றை மறைக்க மாட்டேன். எந்தப் பையும் எந்தக் கூடாரமும் ஈடுகொடுக்க முடியாத மழை அங்கே பெய்வதுண்டு. 2023 ஜூலையில் பியாஸ் ஆறு பெருக்கெடுத்து மணாலிப் பக்கம் சாலைகளையே அரித்துக்கொண்டு போனது. சந்திரதால் ஏரிக்கரையில் மாட்டிக்கொண்டவர்களை மீட்கச் சில நாள் ஆனது. கிளம்பும் முன் வானிலை மையத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். "போக வேண்டாம்" என்று வழிகாட்டி சொன்னால், கட்டின பணத்தைப் பற்றி யோசிக்காமல் திரும்பிவிடுங்கள். திரும்பி வருகிற ரயிலுக்கும் இரண்டு நாள் கூடுதலாக இடம் விட்டு டிக்கெட் எடுக்கச் சொல் நித்யாவிடம்.

என்னிடம் இருக்கிற ட்ரை பேக் இரண்டையும் கம்பளிக் காலுறையையும் திங்கட்கிழமை கூரியரில் அனுப்புகிறேன். வந்ததும் பையில் காற்றை அடைத்து, வாயைச் சுருட்டி, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார். குமிழி வந்தால் உடனே சொல், வேறு வாங்கி அனுப்ப நேரம் இருக்கிறது. உன் கால் அளவு மாறவில்லையே? நித்யாவுக்கு என் அன்பு.

அன்புடன்,
கலா