கடற்பாசிச் சாறு தெளித்த நெல் சாய்ந்தது: பாட்டிலில் என்ன இருந்தது என்று கேட்டு ஒரு புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: கடற்பாசி வளர்ச்சி ஊக்கியால் ஏற்பட்ட பயிர்ச் சேதம் - ஆய்வறிக்கையும் இழப்பீடும் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் நெல் சாகுபடி செய்கிறேன். இந்தச் சம்பா பட்டத்தில் உங்கள் கடற்பாசிச் சாற்றை உரக்கடையில் வாங்கி, வெள்ளைப் பொன்னி நெல்லுக்குத் தூர் கட்டும் (அடியில் பக்கத் தண்டுகள் விடும்) பருவத்தில் தெளித்தேன். பாட்டிலில் போட்டிருந்த அளவுதான்: பத்து லிட்டர் டேங்குக்கு 30 மில்லி. அடுத்த வாரத்திலேயே பயிர் மளமளவென்று உயர்ந்தது. ஆனால் தூர் கூடவில்லை. தாள் மெலிந்து, கணுவிடை நீண்டு, இலை வெளிறிப் போனது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பெய்த ஒரு மழைக்கே தெளித்த இடம் முழுக்கப் படுத்துவிட்டது. பாதி நெல் பதராகிவிட்டது. மிச்சத்தை அறுக்க செயின் வண்டிதான் (சங்கிலிச் சக்கர அறுவடை இயந்திரம்) இறங்க முடிந்தது, அதற்கு வாடகையும் கூடுதல்.

வந்து பார்த்த உங்கள் களப் பணியாளர், தழைச்சத்து அதிகமாகியிருக்கும் என்றார். தழைச்சத்து மிஞ்சினால் இலை கரும்பச்சையாகும், வெளிறாது. அதைவிட முக்கியமான சாட்சி வயலிலேயே இருந்தது. வாய்க்கால் ஓரத்தில் ஒரு பட்டைக்கு மட்டும் உங்கள் சாற்றைத் தெளிக்காமல் விட்டிருந்தேன். அதே விதை, அதே நாற்று, அதே உரம். அந்தப் பட்டை மட்டும் நிமிர்ந்து நின்றது. நெற்பயிரை மெலிந்து நெடுநெடுவென வளரவைக்கும் பக்கானே என்கிற பூஞ்சை நோயாக இருக்குமோ என்றும் கேட்டார். அந்த நோய் விதையோடு வருவது, வயலில் அங்கங்கே சில செடிகளைத்தான் பிடிக்கும். தெளித்த கோட்டோடு நின்றுபோகாது.

ஆனாலும் அவர் பக்கானேயை நினைத்தது காரணமில்லாமல் இல்லை. 1926-இல் தைவானில் எய்ச்சி குரோசாவா என்ற ஜப்பானிய ஆய்வாளர், அந்தப் பூஞ்சையை வளர்த்த திரவத்தை வடிகட்டி, பூஞ்சையே இல்லாமல் நல்ல நாற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார். நாற்று அதேபோல நெடுநெடுவென வளர்ந்தது. அந்தத் திரவத்தில் இருந்த பொருளைத்தான் பிறகு ஜிப்ரலின் என்றார்கள். அந்த வகையைச் சேர்ந்த ஜிப்ரலிக் அமிலத்தை இன்றைக்கும் பூஞ்சையை நொதிக்க வைத்துத்தான் எடுக்கிறார்கள். லிட்டருக்குச் சில மில்லிகிராம் போதும், செடி மாறிவிடும். வீரிய ஒட்டு நெல் விதை உற்பத்தியில் கண்ணாடி இலைக்குள்ளிருந்து (கதிரை ஒட்டிய கடைசி இலை) கதிர் முழுதாக வெளியே வர இதைத் தெளிப்பார்கள். அங்கே அது நல்ல மருந்து. எனக்கு வேண்டியது தூர். கடற்பாசியில் இயல்பாக இருக்கும் சிறிதளவு ஊக்கிகள் இப்படி ஒரு வயலையே சாய்க்கும் என்று நான் நம்பவில்லை. உங்கள் பாட்டிலில் ஜிப்ரலிக் அமிலம் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பது என் வலுவான சந்தேகம்.

“இயற்கைப் பொருள்தானே, ஒன்றும் செய்யாது” என்று உங்கள் ஆள் சொன்ன வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது. இயற்கை ஊக்கிகளை நம்பாதவன் இல்லை நான். பூ உதிராமல் இருக்கத் தோட்டப் பயிருக்குத் தேங்காயும் மோரும் கலந்த தேமோர் கரைசல் அடிப்பேன், அதில் போகும் தேங்காயில் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கி இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கடலோரத்தில் பெண்கள் வளர்த்தெடுக்கும் பாசியின் சாறு எங்கள் வயலுக்கு வருவதும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு பொருள் இயற்கையில் கிடைக்கிறது என்பதற்காக அதன் பெயரையும் அளவையும் மறைக்கலாமா? உங்கள் லேபிளில் “சிறப்பு இயற்கை ஊக்கிகள்” என்று மட்டும் இருக்கிறது. 0.001 சதவீதமாக விற்கும் ஜிப்ரலிக் அமிலத்துக்கே பதிவும் சதவீதமும் லேபிளில் வேண்டும்.

சட்டமும் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. கடற்பாசிச் சாறு போன்ற உயிர் ஊக்கிகள் 2021 திருத்தத்துக்குப் பின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகின்றன. ஜிப்ரலிக் அமிலம் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருவது. ஒன்றின் பெயரில் இன்னொன்றை விற்க இடமில்லை.

ஆகவே நான் வாங்கிய பாட்டிலின் உற்பத்தித் தொகுதிக்கான (batch) ஆய்வக அறிக்கையை, ஜிப்ரலிக் அமிலம் எவ்வளவு என்ற அளவோடு, எனக்கு அனுப்புங்கள். அப்படி ஒன்று செய்யவே இல்லையென்றால் அதையாவது எழுத்தில் சொல்லுங்கள். அறிக்கை வரும்வரை அந்தத் தொகுதி எண் உள்ள பாட்டில்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுங்கள். குறுவைக்கு வாங்க இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்கள் வயலும் சாய வேண்டாம். அப்புறம், என் மகசூல் இழப்புக்கும் கூடுதல் அறுவடைச் செலவுக்கும் ஈடு தர வேண்டும்.

கடை ரசீது, லேபிள், சாய்ந்த வயலும் நிமிர்ந்து நின்ற பட்டையும் ஒரே படத்தில் தெரியும் புகைப்படங்கள், வேளாண் அலுவலர் பார்வையிட்டு எழுதித் தந்த குறிப்பு ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். அதே தொகுதியின் பிரிக்காத பாட்டில் ஒன்றும் என்னிடம் இருக்கிறது. முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், அந்தப் பாட்டிலோடு வேளாண்மைத் துறையிடமும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திடமும் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளரான நெல் விவசாயி