ஜாமெட்ரி பாக்ஸில் பதினொரு மாத்திரைகள்

சென்னை
ஆகஸ்ட் 17, இரவு

அன்புள்ள கமலா,

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். தை மாதம் உன் மகள் கல்யாணத்துக்கு நான் வராததற்கு முழங்கால் வலி காரணம் இல்லை. என் முழங்கால் உன்னுடையதைவிட நன்றாகவே இருக்கிறது. நீ அனுப்பிய முறுக்கும் வந்து சேர்ந்தது. அதற்கும் இரண்டு வரி எழுதவில்லை. "அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது" என்று நீ சொன்னதாகக் குட்டி விமலா போனில் சொன்னாள். கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது. பத்து மாதமாக என்னை யாரும் திட்டவே இல்லை. விஷயம் தெரிந்த நாலு பேரும் பாவமாகப் பார்க்கிறார்கள்.

விஷயம் இதுதான். என் தம்பி பாலுவின் பையன் கதிருக்கு ரத்தப் புற்றுநோய். போன அக்டோபரில் தெரிந்தது. பதறாதே, இதோ பக்கத்து அறையில் கிரிக்கெட் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறான். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று பாலு என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். நாளைக்குப் பையனுக்குப் பெண் பார்க்க வேண்டுமாம்! பத்தொன்பது வயதுப் பையன் பிழைப்பானா என்று தெரியாத நேரத்தில் இவன் கவலை கல்யாண மண்டபத்தில் போய் நின்றது. முந்தாநாள் கதிரே சொல்லிவிட்டான்: "கமலா அத்தைக்கு எழுதுங்கள். யாரிடமும் பேசாமல் என்னிடமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், தாங்க முடியவில்லை."

என்னை எழுத வைத்தது பதினொரு மாத்திரை. அதற்கு வருகிறேன். நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் புரியும். நீ நடுவில் அடுப்பைப் பார்க்க எழுந்து போகாமல் படி.

போன செப்டம்பரில் ஹாஸ்டலிலிருந்து வந்தவன் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினான். இரவெல்லாம் போன் பார்த்தால் அப்படித்தான் என்றாள் அவன் அம்மா சுமதி. ஒரு டாக்டர் ரத்த சோகை என்று டானிக் எழுதினார். கால் முழுக்க நீலம் நீலமாகத் தழும்பு, ஃபுட்பால் என்றான். பிறகு காய்ச்சல். அக்டோபர் மாதம், மழை, காய்ச்சல், பிளேட்லெட் குறைவு என்றால் நம் ஊரில் ஒரே பெயர்தான்: டெங்கு. டெங்கு இல்லை என்று பரிசோதனை சொன்ன பிறகும் ஐந்து நாள் டெங்குவாகவே வைத்திருந்தார்கள். நான் என் பங்குக்குப் பப்பாளி இலையை அரைத்து, துணியில் பிழிந்து, மூக்கைப் பிடித்துக் குடிக்கவைத்தேன். அந்தப் பச்சைக் கறை என் சேலை முந்தானையில் இன்னும் இருக்கிறது. கடைசியில் ஆய்வகத்தில் ஒருவர் ரத்தத் துளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "பையனின் அப்பாவை வரச் சொல்லுங்கள்" என்றார்.

இந்த வயதுக்காரர்களின் தலையெழுத்தே இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். குழந்தைக்கு ஒன்று என்றால் அம்மா தூக்கிக்கொண்டு ஓடுவாள். அறுபது வயதுக்கு ஒன்று என்றால் டாக்டரே சந்தேகப்படுவார். இருபது வயதுப் பிள்ளைக்குப் புற்றுநோய் வரும் என்று டாக்டருக்கும் தோன்றுவதில்லை, வீட்டாருக்கும் தோன்றுவதில்லை, அந்தப் பிள்ளைக்குச் சுத்தமாகத் தோன்றுவதில்லை. வார்டில் கதிருக்கு அடுத்த கட்டிலில் பதினேழு வயதுக் கைப்பந்து ஆட்டக்காரன் ஒருவன். முழங்கால் எலும்பில் கட்டி. அதற்கு மூன்று மாதம் எண்ணெய் போட்டு உருவி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். 15 முதல் 39 வயதுவரை உள்ளவர்களைத் தனிக் கூட்டமாகப் பிரித்துக் கணக்குப் பார்க்கிறார்கள், கமலா. 2019 ஒரே வருடத்தில் உலகம் முழுக்க அந்த வயதில் ஏறத்தாழ 12 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய். ஏறத்தாழ 4 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள்.

நான் தணிக்கை அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவள். எண்ணைக் கண்டால் பிடித்து இழுத்துப் பார்க்காமல் விட மாட்டேன் என்று நீதான் கேலி செய்வாய். இந்த முறை ஒரு எண் என்னைத் தூங்கவிடவில்லை. முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியில் பெரியவர்களுக்கான சிகிச்சையை ஆரம்பிக்கத் தயாராகிவிட்டார்கள். பயிற்சியில் இருந்த ஒரு பெண் டாக்டர், "பத்தொன்பதா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு பாலுவை ஓரமாக அழைத்து, குழந்தைகளுக்குக் கொடுக்கும் முறையை இவனுக்கும் கொடுக்க முடியுமா என்று கேட்டுப்பாருங்கள் என்றாள். பாலு என்னிடம் வந்து, "அக்கா, இருபது வயதுத் தடியனைக் குழந்தை என்கிறாளே, இவளுக்குத் தெரியுமா?" என்றான்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. 2003-இல் பிரான்ஸில் ஒரு கணக்குப் பார்த்திருக்கிறார்கள். 15 முதல் 20 வயதுவரை உள்ளவர்கள், இவனுக்கு வந்த அதே வகை ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். என்பார்கள். குழந்தை மருத்துவர்களின் முறையில் சிகிச்சை பெற்றவர்களில் ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 67 சதவீதம். பெரியவர்களின் முறையில் 41. 2008-இல் அமெரிக்காவில் 16 முதல் 20 வயதுக்காரர்களுக்கு அதே ஒப்பீடு, ஏழு வருடக் கணக்கு: 63-க்கு 34. ஒரே வயது, ஒரே நோய், பெரும்பாலும் அதே மருந்துகள். எந்த வாசலுக்குள் முதலில் நுழைந்தார்கள் என்பதுதான் வேறு. குழந்தைகளுக்குச் சில மருந்துகளை அதிகமாகவும் இடைவிடாமலும் கொடுக்கிறார்கள், முதுகுத் தண்டில் போடும் ஊசியைச் சீக்கிரமே தொடங்கிவிடுகிறார்கள், ஒரு நாள் தள்ளிப்போட விடமாட்டார்கள். பிறகு பெரியவர்களைப் பார்க்கும் டாக்டர்களே அந்த முறையைக் கையில் எடுத்து, 17 முதல் 39 வயதுவரை உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள்: மூன்று வருட முடிவில் 73 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்.

இதில் நம் பங்கும் உண்டு என்று தெரிந்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1984-லேயே நம் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்று இடத்திலும் ஒரே சிகிச்சை முறையைத் தொடங்கியிருக்கிறார்கள். குழந்தைகளோடு 25 வயதுக்குள் இருந்தவர்களையும் சேர்த்தே. அதற்கு முன் நூற்றுக்கு இருபது பேர்கூடத் தேறாத இடத்தில், நான்கு வருடக் கணக்கில் 45 முதல் 60 பேர்வரை நோய் திரும்பாமல் இருந்தார்கள். நாம் 29சி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு சினிமாவுக்குப் போன காலம், கமலா. அதே ஊரில் யாரோ உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். ஒன்றரை நாள் போயிற்று. அந்த ஒன்றரை நாளில் பாலு என்னோடு பேசவில்லை.

கீமோ தொடங்குவதற்கு முந்தைய மாலை டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, பிற்காலத்தில் பிள்ளை பிறப்பது பாதிக்கப்படலாம், விந்தணுவை எடுத்து உறையவைத்துக்கொள்வது நல்லது, காலைக்குள் முடிவு செய்யுங்கள் என்றார். சுமதி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போய்விட்டாள். பெண் பார்ப்பதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட என் தம்பி, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அது ஓடவே இல்லை. கடைசியில் நான்தான் போய், தணிக்கைக் குறிப்பு வாசிப்பதுபோல் கதிரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டான். "அத்தை, இவ்வளவு நேரம் பேசினீர்கள், ஒரு வினைச்சொல்கூட இல்லை" என்றான். இருவரும் சிரித்தோம். அவன் போய்விட்டு வந்தான். நான் கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பாலுவிடம் இதைச் சொல்லிவிடாதே.

முதல் மாதம் ஸ்டீராய்டு. பசி என்றால் அப்படி ஒரு பசி. இரவு இரண்டு மணிக்குத் தோசை, மூன்று மணிக்கு எலுமிச்சைச் சாதம். நம் 12-ஆம் நம்பர் அறையில் ஒருத்தி இருந்தாளே, அவளே தோற்றுவிடுவாள். வாரம் ஒரு ஊசி உண்டு, வின்கிறிஸ்டின். அது எதிலிருந்து வந்தது தெரியுமா? நித்தியகல்யாணி! உன் வீட்டுக் கிணற்றடியில் ஊதாவாகப் பூக்குமே, சுடுகாட்டு மல்லி என்று உன் பாட்டி எங்களைப் பறிக்கவிடமாட்டார்களே, அதுதான். என் பால்கனித் தொட்டியிலும் இருக்கிறது. எதிர்வீட்டு மாமி இதைக் கேட்டதும் இலையை இடித்துச் சாறாகவே கொடுக்கலாமே என்று வந்துவிட்டார். அது விஷம் என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. முறைப்படி ஊசியில் ஏற்றினாலே அது நரம்பைத் தொடுகிறது. ஒரு நாள் மாடி ஏறி வந்தவனின் வலது காலில் மட்டும் செருப்பு. இடது செருப்பு மூன்றாம் படியிலேயே நின்றுவிட்டது. கழன்றது அவனுக்குத் தெரியவில்லை.

நோய் முதல் மாத முடிவிலேயே அடங்கிவிட்டது. எலும்பு மஜ்ஜையில் தேடியும் கிடைக்கவில்லை. ஆனால் அடங்கியது வேறு, ஒழிந்தது வேறு. அதற்காகத்தான் அடுத்த ஏழு மாதம் வலுவான மருந்து, அதற்குப் பிறகு இரண்டு வருடம் வீட்டிலேயே மாத்திரை. தினமும் இரவு ஒன்று. வாரம் ஒரு நாள் மஞ்சள் நிறத்தில் மெத்தோட்ரெக்ஸேட். இதன் முன்னோடி மருந்தை அமெரிக்காவில் உருவாக்கிய குழுவுக்குத் தலைவர் சுப்பாராவ், நம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பாஸ்டனில் ஃபார்பர் என்ற டாக்டர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, பத்துப் பேருக்குக் கொஞ்ச காலமாவது நோய் தணிந்தது என்று 1948-இல் எழுதினார். சுப்பாராவ் அதே வருடம் இறந்துவிட்டார். கதிரிடம் சொன்னேன். "நல்லவர், கொஞ்சம் இனிப்பாகச் செய்திருக்கலாம்" என்றான்.

இப்போது பதினொன்றுக்கு வருகிறேன். ஜூன் நடுவில் மாத்திரைக் காலம் தொடங்கியது. கல்லூரிக்குத் திரும்பிவிட்டான், என் வீட்டிலிருந்தே போகிறான். தலையில் முடி வந்துவிட்டது, சுருட்டையாக. போன வாரம் டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, வெள்ளை அணுக்களின் கவுன்ட் கூடுதலாகவே இருக்கிறது, உடம்பு மருந்தைத் தாங்குகிறது என்று டோஸைக் கூட்டினார். நாங்கள் சந்தோஷமாக வந்து பாயசம் வைத்தோம். மூன்று நாள் கழித்து, மாத்திரைக் கணக்கு எழுதப் பென்சில் தேடினேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நான் வாங்கிக் கொடுத்த ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். காம்பஸுக்கும் அளவுகோலுக்கும் நடுவில், பிரிக்காத அட்டைத் துண்டுகளாகப் பதினொரு மாத்திரை.

எட்டு வாரம், 56 இரவு. நான் படித்த ஆராய்ச்சி ஒன்று இந்த இரவு மாத்திரையைப் பற்றியே. நூற்றுக்கு 95 நாளாவது விழுங்காத பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல். அந்தக் கணக்கில் 56-க்கு மூன்று தவறினால்கூட இடறுகிறது. இவன் பதினொன்று. இந்த மாத்திரை கவுன்ட்டை இறக்கும். அது உள்ளே போகாததால்தான் கவுன்ட் கூடியது, அதைப் பார்த்து டோஸும் கூடியது. இப்போது புரிகிறதா?

கத்தினேன், கமலா. அவன் பிறந்ததிலிருந்து கத்தாத கத்தல். "உன் அப்பா வீட்டை அடமானம் வைத்ததெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளா?" என்றெல்லாம் அவனிடம் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவன் திருப்பிக் கத்தவில்லை. மகாபலிபுரத்துக்கு நண்பர்களோடு போன இரண்டு நாள், ஒருவன் பிறந்தநாள், பரீட்சைக்கு முந்தைய இரவுகள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். "மற்ற நேரமெல்லாம் மறந்துவிடுகிறது அத்தை. அதைப் போடும்போது மட்டும்தான் நான் நோயாளி" என்றான். அதற்கு நான் என்ன சொல்ல?

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் பெட்டியோடு போனோம். திட்டுவார் என்று நினைத்தேன். எந்தக் கிழமை கஷ்டம் என்று அவனிடம் கேட்டார்; என்னை வெளியே உட்காரச் சொன்னார். டோஸைப் பழையபடி குறைத்தார். குழந்தை முறையில் சிகிச்சை கொடுத்துவிட்டோம், விழுங்கவைப்பது மட்டும் பெரியவர்கள் முறையில் நடக்க வேண்டியிருக்கிறது. குழந்தைகள் வார்டில் அவன் கால் கட்டிலுக்கு வெளியே தொங்கியது, சுவரில் கரடிப் பொம்மை. பெரியவர்கள் வார்டில் பக்கத்துத் தாத்தா, "தம்பி, என்ன சம்பளம்?" என்றார். லண்டனில் 1990-லேயே இந்த வயதுக்கென்று தனி வார்டு திறந்தார்களாம். இங்கே இவனுக்கென்று இருப்பது நான்தான். எனக்கோ மாமியார் குணம்.

இன்னும் இருபத்திரண்டு மாதம். அதனால் உன்னிடம் ஒரு வேலை. பதினெட்டு வருடம் ஆண்கள் ஹாஸ்டல் வார்டனாக இருந்தவள் நீ. பூட்டிய அறைக்குள் எவன் சிகரெட் பிடிக்கிறான் என்று படிக்கட்டிலிருந்தே சொல்வாய்; ஆனாலும் பிள்ளைகள் உன்னைத் தேடித்தான் வந்தார்கள். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. செப்டம்பரில் பத்து நாள் வந்து இரு. பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்தால் எழும்பூருக்கு நானே வருகிறேன். சளி, இருமல் இருந்தால் வராதே. கடைத் தின்பண்டம் வேண்டாம்; உன் கையால் சுட்ட முறுக்கு என்றால் சரி. பாலுவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

சரவணன் வேலை எப்படி இருக்கிறது? உன் சர்க்கரை?

மணி ஒன்பதே முக்கால். மாத்திரை நேரம் ஒன்பதரை. நான் கேட்கக் கூடாது என்று செவ்வாய்க்கிழமை ஒப்பந்தம் போட்டிருக்கிறோம், ஞாயிறு மட்டும் அட்டையைக் காட்டுவான். மேட்ச் இன்னும் முடியவில்லை. தண்ணீர்ச் செம்பு அவன் அறைக்குள் போனதா என்று பார்க்க இரண்டு தடவை எழுந்து, இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டேன்.

உன்
மீனாட்சி