கல்வி உதவித்தொகை சேர்க்கை நாளுக்கு முன்பே வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழை மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு தரும் உதவியைப் பற்றிப் பேசும்போது, தொகை எவ்வளவு என்பதே பெரும்பாலும் விவாதமாகிறது. அந்தத் தொகை எந்த நாளில் கைக்கு வருகிறது என்பது அதற்குச் சற்றும் குறையாத கேள்வி. கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அதைத் தங்கள் நாளிதழ் வழியாக எழுப்ப விரும்புகிறேன்.

2024ஆம் ஆண்டில் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்த ஒரு மாணவர், 17,500 ரூபாயைக் கெடுவுக்குள் கட்ட முடியாமல் அந்த இடத்தை இழந்தார். அவர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன். அவ்வாண்டின் நுழைவுத் தேர்வைச் சென்னை ஐ.ஐ.டி. நடத்தியதால் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி, இறுதியில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். முழுமையான நீதி வழங்கத் தேவையான ஆணையைப் பிறப்பிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி அவரைச் சேர்த்துக்கொள்ளும்படி செப்டம்பர் 30 அன்று நீதிமன்றம் ஆணையிட்டது. நீதி கிடைத்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், அதே காரணத்தால் இடத்தை இழந்து, வழக்கறிஞரும் இல்லாமல், செய்தியிலும் வராமல் வேலைக்குப் போய்விடுகிற பிள்ளைகளுக்கு எந்தப் பிரிவு துணை நிற்கும்?

தமிழ்நாடு இத்துறையில் பின்தங்கிய மாநிலம் அல்ல. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நம் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது 18 முதல் 23 வயதுள்ளோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட உயர்கல்விச் சேர்க்கை, 47 விழுக்காடு. நாட்டின் சராசரியோ 28.4 தான். முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கச் செய்த 2012ஆம் ஆண்டின் 92ஆம் எண் அரசாணை ஆகியவற்றுக்கு இதில் பங்குண்டு. உயர்கல்வி பயிலும் மாணவர்களுக்கு மாதந்தோறும் உதவி தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் அதன்பின் வந்தவை.

சிக்கல் இருப்பது பணம் நடந்து வரும் பாதையில். பத்தாம் வகுப்புக்குப் பிறகு படிக்கும் ஆதிதிராவிட மாணவர்களுக்காக 1944இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தை 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை திருத்தியமைத்து, 2025-26 வரையிலான காலத்துக்கு 59,048 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40 விழுக்காடு. வருமானச் சான்றிதழ் வாங்கி, இணையத்தில் விண்ணப்பித்து, கல்லூரியும் மாவட்ட அலுவலகமும் சரிபார்த்து, மாநிலம் தன் பங்கை விடுவித்த பின்னரே ஒன்றியத்தின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது. கணக்குடன் ஆதார் இணைப்புச் சரியாக இல்லாவிட்டால் அதுவும் நின்றுவிடும். கல்லூரியோ சேர்க்கையின்போதே கட்டணத்தைக் கேட்கிறது. இந்த இடைவெளியைத் தாயின் தோடும் வட்டிக்கு வாங்கிய பணமும் நிரப்புகின்றன. நிரப்ப முடியாதவர்களுக்கு ஹால் டிக்கெட்டோ மாற்றுச் சான்றிதழோ நிறுத்தி வைக்கப்படுகிறது. இதில் கல்லூரிகளை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது; மாணவர்களில் பெரும்பாலோர் உதவித்தொகையை நம்பியிருக்கும் ஒரு சிற்றூர்க் கல்லூரி, அந்தப் பணம் வராமல் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க இயலாது. முன்பணம் கட்டாமல் சேர்வதற்கான அட்டையை மாணவருக்கு வழங்கத் திட்ட விதிகள் இடம் தருகின்றன. ஆனால், கல்லூரிக்குப் பணம் வரும் நாளை அந்த அட்டை முன்னே கொண்டுவருவதில்லை.

இதற்கான தீர்வை நம் மாநிலமே ஒருமுறை கண்டிருக்கிறது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தபோது, தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட வழியின்றிச் சில மாணவர்கள் அதைக் கைவிட நேர்ந்தது. உதவித்தொகைக்கான ஒப்புதல் வரும்வரை காத்திராமல் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் உடனே செலுத்துவதற்கென, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தில் ஒரு சுழல் நிதி உருவாக்கப்படும் என்று அந்த நவம்பரிலேயே அரசு அறிவித்தது. முதலில் அரசு கட்டிவிடும். பிறகு உதவித்தொகை வந்து நிதியை ஈடுசெய்யும். மருத்துவ மாணவருக்குப் பொருந்திய இந்த ஏற்பாடு, கலை அறிவியல் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படிக்க வரும் மாணவிக்கும் பாலிடெக்னிக் மாணவருக்கும் ஏன் பொருந்தக் கூடாது? இது கூடுதல் மானியம்கூட அன்று. எப்படியும் கொடுக்கப்போகும் பணத்தைச் சில மாதங்கள் முன்னதாகக் கொடுப்பதே.

வருமான வரம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போஸ்ட் மெட்ரிக் திட்டத்துக்கான குடும்ப வருமான உச்சவரம்பு பத்தாண்டுகளுக்கும் மேலாக 2.5 லட்சம் ரூபாயிலேயே நிற்கிறது. தாயும் தந்தையும் ஆளுக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலியில் மாதம் 26 நாள் வேலை செய்தால் ஆண்டு வருமானம் 2,49,600 ரூபாய். கூலி பத்து ரூபாய் உயர்ந்தால் பிள்ளை தகுதி இழந்துவிடும். பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தோரைப் பிரிக்கும் எல்லையும், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான எல்லையும் 8 லட்சமாக இருக்கும்போது இதற்கு என்ன நியாயம் இருக்கிறது? வரம்பை உயர்த்தும்படி தமிழ்நாடு அரசும் வலியுறுத்தியிருக்கிறது. 2021ஆம் ஆண்டின் விதிகளின்படி, வீட்டிலிருந்து சென்று, தொழிற்படிப்பு அல்லாத இளங்கலை படிப்பவருக்கான படிப்புதவி ஆண்டுக்கு 3,000 ரூபாய், அதாவது மாதம் 250 ரூபாய். விலைவாசி ஏறும்போது தானாக ஏறும்படி இத்தொகை அமைய வேண்டும்.

2025-26உடன் முடியும் காலத்துக்குப் பிறகான விதிகளை வகுக்கும்போது, ஒன்றிய அரசு உச்சவரம்பை 8 லட்சமாக உயர்த்த வேண்டும். தமிழ்நாடு அரசு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகளின் பொறுப்பில் ஒரு பொதுச் சுழல் நிதியை ஏற்படுத்தி, தகுதியுள்ள மாணவர்களின் முதல் பருவக் கட்டணத்தை வகுப்புகள் தொடங்கும் முன்பே கல்லூரிகளுக்குச் செலுத்திவிட்டு, அவர்களிடம் சேர்க்கையின்போது பணம் கேட்கும் கல்லூரிகள் மீது நடவடிக்கை உண்டு என்பதையும் அதே ஆணையில் தெளிவாக எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
திருவண்ணாமலை.