டிரில்லிங் மெஷினை எடுத்து உள்ளே வை

மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. பதில் போடாததற்கு என்னிடம் சாக்கு எதுவும் இல்லை. திட்டுவதானால் இந்தப் பத்தியிலேயே திட்டி முடித்துவிடு. இங்கே எல்லாரும் சுகம். கணக்கப்பிள்ளை இன்னும் அதே குடையோடுதான் திரிகிறார். மீன்பிடிக்கத் தயார் பண்ணப் போகிற அந்தக் காற்றடைத்த படகை நீ எடுத்து அனுப்பின ஒன்பது படங்களைப் பார்த்த பிறகு இனியும் சும்மா இருந்தால் பாவம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

படகு நல்ல படகுதான். மூன்று மீட்டர் முப்பது, பலகைத் தரை, பின்னால் மோட்டார் மாட்ட மரப்பலகை. பழசு என்றாலும் தையல் எங்கும் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. ஆனால் எட்டாவது படத்தில் படகுக்குப் பக்கத்தில் ஒரு டிரில்லிங் மெஷின் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் டியூப். அந்த இரண்டையும் இன்றைக்கே உள்ளே எடுத்து வை. தூண்டில் ராடைச் செருகி நிறுத்துகிற ராட் ஹோல்டர், மீன் பார்க்கும் கருவி, நங்கூரத்துக்குக் கப்பி, சுழலும் நாற்காலி என்று பட்டியல் போட்டிருக்கிறாயே, அதில் எதையும் தொடும் முன் காற்று நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், துணி எது என்று தெரிய வேண்டும்.

காற்றைப் பார்ப்பது சுலபம், ஆனால் அவசரப்படக்கூடாது. பக்க ட்யூப்களுக்குக் காற்றழுத்தம் 3 பிஎஸ்ஐ, அவ்வளவுதான். கை வைத்து அழுத்திப் பார்த்துச் சொல்கிற வேலை வேண்டாம், அழுத்தம் காட்டுகிற கேஜ் வைத்து அள. காலையில் வெயில் ஏறுமுன் நிழலில் நிரப்பிவிட்டு மறுநாள் அதே நேரத்தில், அதே நிழலில் பார். சாயங்காலம் பார்த்தால் கணக்கு பொய் சொல்லும். 25 டிகிரியில் 3 பிஎஸ்ஐ வைத்த ட்யூப், உள்ளே காற்று 45 டிகிரிக்குச் சூடானால் 4.2 தொடும். திரும்பவும் குளிர்ந்தால் பழைய இடத்துக்கு இறங்கும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் இல்லாத ஓட்டையைத் தேடி அலைகிறார்கள். இதையே தலைகீழாகவும் யோசி: கரையில் வெயிலில் 45 டிகிரியில் 3 வைத்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் ட்யூப் 1.9-க்குத் தொய்ந்துவிடும். படகு நடுவில் மடிந்துகொண்டு ஓடும். அதனால் தண்ணீரில் இறக்கிப் பத்து நிமிஷம் விட்டு, பிறகு மேலே கொஞ்சம் ஏற்று. கரையேறினதும் கொஞ்சம் இறக்கு.

ஒரு நாளில் நிஜமாகவே இறங்கியிருந்தால் சோப்புத் தண்ணீர். முதலில் வால்வு. மூடியைக் கழற்றி நுரையை வைத்துக் குனிந்து பார். கசிந்தால் கடுகு கடுகாகக் குமிழி சேர்ந்துகொண்டே வரும். நிறைய கேஸ் இங்கேயே முடிந்துவிடும். வால்வின் ரப்பர் இருக்கையில் ஒரே ஒரு மணல் துணுக்கு உட்கார்ந்திருக்கும். அமுக்கிப் பிடித்துத் தண்ணீர் அடித்தால் போய்விடும். வால்வைச் சுற்றிக் கசிந்தால் அதற்கென்று வருகிற சாவியால் கால் சுற்று இறுக்கு. அடுத்து பின்பலகை ட்யூபோடு சேருகிற நான்கு மூலை. கடைசியாகத்தான் தையலும் துணியும். ட்யூபுக்குள்ளே காற்று அறைகளுக்கு நடுவில் இருக்கிற தடுப்பு வேறு ஒரு சங்கதி, அதைக் கடைசியில் சொல்கிறேன். மறக்க மாட்டேன்.

இப்போது பசை. இதில்தான் நீ கவிழ்வாய் என்று எனக்குப் பயம்.

இந்தப் படகுகளில் இரண்டு ஜாதித் துணி. ஒன்று பிவிசி. இன்னொன்று ஹைபலான் என்று எல்லாரும் சொல்கிற செயற்கை ரப்பர் பூசின துணி. (அந்தப் பெயருக்குரிய டூபாண்ட் கம்பெனி 2010-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டது, சரக்கு வேறு இடத்திலிருந்து வருகிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.) பிவிசிக்குப் பாலியூரிதேன் பசை, ஹைபலானுக்கு நியோப்ரீன் பசை. மாற்றிப் போட்டால் ஒட்டினது போலவே இருக்கும். கையால் இழுத்தால் வராது. இரண்டு வெயில் பார்த்ததும் தோசை மாதிரி முழுசாக உரிந்து வரும். உன் சைக்கிள் சொல்யூஷன் இரண்டுக்குமே ஆகாது. ஒரு சொட்டில் ஒட்டுகிற சூப்பர் பசையும் ஆகாது. அது கண்ணாடி மாதிரி இறுகும். துணி வளைந்தால் வெடிக்கும், விளிம்பில் துணியையும் வெட்டும்.

படத்தில் பார்த்து எந்தத் துணி என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீயே பார். கண்ணில் படாத ஓர் இடத்தில், சீட்டுப் பட்டைக்கு அடியில், உப்புத்தாளை லேசாக நாலு தடவை தேய். தூள் உதிர்ந்து இடம் மங்கிப் போனால் ஹைபலான். கோடு மட்டும் விழுந்து பளபளப்பு போகாமலிருந்தால் பிவிசி. பிறகு வெள்ளைத் துணியில் எம்இகே கரைப்பான் கொஞ்சம் தொட்டுத் துடை. பிவிசி பிசுபிசுக்கும், மற்றது பிசுபிசுக்காது. வால்வைக் கழற்றினால் ஓட்டை வழியாக உள்பக்கத்தையும் பார்க்கலாம். உள்ளும் புறமும் ஒரே வழவழப்பு என்றால் பிவிசி. உள்ளே வேறு நிறத்தில் மங்கலாக ரப்பர் தெரிந்தால் ஹைபலான். மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால்தான் பசை வாங்கு.

ஒட்டுகிற நாளைப் பொறுக்க வேண்டும். மழை நாளில் கூடாது. காற்றில் ஈரம் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அன்றைக்கு வேறு வேலை பார். பசையிலிருக்கும் கரைப்பான் பறக்கும்போது அந்த இடம் குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் பனி மாதிரி ஈரம் படிந்துவிடும். அதன் மேல் ஒட்டினால் தண்ணீரின் மேல் ஒட்டினதாகத்தான் கணக்கு. 18 முதல் 25 டிகிரிக்குள் நல்லது. நேர் வெயிலில் வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு இருக்கக்கூடாது, பீடியும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இடத்தைக் குறிப்பது படகில் காற்று இருக்கும்போது. ஒட்டுவது காற்றை இறக்கி, அடியில் பலகை வைத்து, சமமாக விரித்து. பேட்சின் மூலைகளை வட்டமாக வெட்டு. உரிவது எப்போதும் மூலையில்தான் ஆரம்பிக்கும். கிழிசல் என்றால் எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக மூட வேண்டும். பிவிசியை எம்இகே கொண்டு துடைத்தால் போதும், தேய்க்காதே. ஹைபலான் என்றால் படகு, பேட்ச் இரண்டையும் பளபளப்பு போகத் தேய்த்து, டொலுவீன் கரைப்பான் கொண்டு துடை. பசை இரண்டு பாகம். கெட்டியாக்கும் திரவம் எடையில் பொதுவாக 4 முதல் 5 சதவீதம். டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் வேதம். தங்கம் நிறுக்கிற மாதிரி சின்ன தராசில் நிறு. நூறு கிராமுக்கு ஐந்து கிராம் என்பதைக் கண்ணளவில் எவனும் சரியாக ஊற்றினது கிடையாது. கூடுதலாக விட்டால் பசை முறுகிப்போகும், குறைத்தால் சூட்டில் இளகும்.

இரண்டு பக்கமும் மெல்லிசாக ஒரு பூச்சு, இருபதிலிருந்து முப்பது நிமிஷம் காயவிடு. இரண்டாவது பூச்சு. ஐந்து பத்து நிமிஷத்தில் விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஒட்டும், ஆனால் நூல் இழுக்காது. அந்தப் பதம்தான். பாகு பதம் பார்த்த கைக்கு இது புரியும். நடுவில் வைத்து வெளியே நோக்கி உருளையால் அழுத்து. உருளை இல்லாவிட்டால் ஸ்பூனின் முதுகு. வைத்த பிறகு நகர்த்த முடியாது, அதனால் வைக்குமுன் பென்சில் கோட்டை இரண்டு தரம் பார். பிறகு 24 மணி நேரம் தொடாதே, 72 மணி நேரம் முழுக் காற்று ஏற்றாதே. இந்த எழுபத்திரண்டு மணி நேரம்தான் உனக்குக் கஷ்டம், எனக்குத் தெரியும்.

ஒட்டின பிறகும் எந்தத் திசையில் இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். சுவரொட்டியைச் சுவரோடு சேர்த்து இழுத்தால் வராது. மூலையைப் பிடித்து உரித்தால் ஒரே நிமிஷம். பசை எல்லாமே அப்படித்தான். வளையம், கயிறு, பட்டை என்று துணியோடு படுத்து இழுக்கிற எதையும் ஒட்டலாம். ராட் ஹோல்டர் அப்படியில்லை. இரண்டு மீட்டர் ராட் நுனியில் மீன் ஐந்து கிலோ இழுத்தால், 15 சென்டிமீட்டர் அடிப்பகுதியின் ஓரத்தில் அறுபது எழுபது கிலோ உரிப்பாக வந்து விழும். சும்மா ராடைச் சாத்தி வைக்க ஒட்டு ஹோல்டர் போதும். மோட்டார் ஓட்டிக்கொண்டே பெரிய மீனுக்கு இழுக்கப் போகிறாய் என்றால் வேண்டாம். சீட்டு நுழைகிற அதே பட்டையில் 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் பலகை ஒன்றைக் குறுக்கே போடு. ஹோல்டர், கருவியின் திரை, கத்தி உறை எல்லாம் அந்தப் பலகையில் ஸ்க்ரூ அடி. டிரில்லிங் மெஷினுக்கு அங்கே வேலை உண்டு. பலகை ஓரங்களை உருட்டித் தேய், அடியில் ஸ்க்ரூ முனை நீட்டக்கூடாது.

பின்பலகையில் ஓட்டை போடுவதென்றால் முதலில் அது உயிரோடிருக்கிறதா என்று பார். மரக் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போ. ‘டக் டக்’ என்று வந்துகொண்டிருந்தது ‘தொப்’ என்று மாறினால் உள்ளே ஊறிவிட்டது. தண்ணீர் விடுகிற அடைப்பானைச் சுற்றியும், துணி மூடின அடி ஓரத்திலும் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பார், அங்கேதான் முதலில் அழுகும். மரம் நன்றாக இருந்தால் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 12-ல் ஓட்டை போட்டு, பின்னால் டேப் ஒட்டி, எபாக்ஸியால் நிரப்பி, ஒரு நாள் விட்டு, அதன் நடுவில் 6-ல் துளை. அப்போது தண்ணீர் தொடுவது எபாக்ஸியை, மரத்தை அல்ல.

மீன் பார்க்கும் கருவியில் ஒலியை அனுப்பி வாங்குகிற டிரான்ஸ்டியூசரைத் தரைக்கு உள்ளே வைக்கலாமா என்று கேட்டாய். ஒலி காற்றறையைத் தாண்டாது. பலகைத் தரைக்கு அடியில் காற்று இருந்தால் அது வழியாக ஒன்றும் தெரியாது. பின்பலகையில் ஒரு கையை மாட்டித் தண்ணீருக்குள் இறக்கு.

55 பவுண்டு உந்துவிசை எலெக்ட்ரிக் மோட்டார், சரி. 12 வோல்ட்டில் பவுண்டுக்கு ஏறத்தாழ ஓர் ஆம்பியர் என்று கணக்கு வை. முழு வேகத்தில் ஐம்பது ஆம்பியர் குடிக்கும். 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது, ஆக ஒரு மணி நேரம். மெதுவாக ஓட்டினால் நாலைந்து மணி. அதே அளவு லித்தியம் முக்கால்வாசிக்கு மேல் தரும், எடையும் முப்பது கிலோவுக்குப் பதில் பன்னிரண்டு. எதுவானாலும் பேட்டரியை முன்னால் வை. மோட்டார், பேட்டரி, உன் தொப்பை மூன்றும் பின்னால் சேர்ந்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும். முன்னால் வைத்தால் வயர் நீளும், நீண்டால் தடிக்க வேண்டும்: 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறைக்காதே, பேட்டரியை ஒட்டியே 60 ஆம்பியர் ஃப்யூஸ். பெட்டியைப் பட்டை போட்டுக் கட்டு.

சுழலும் சிம்மாசனத்தை மறந்துவிடு. உட்கார்கிற உயரம் ஏற ஏறப் படகு ஆடும். பின்பலகையில் ஒட்டியிருக்கிற தகட்டைப் படி. அதில் சொன்ன கிலோவில் ஆள், மோட்டார், பேட்டரி, நங்கூரம், மீன் பெட்டி எல்லாம் அடக்கம். தரையில் 6 மில்லிமீட்டர் ஈவிஏ நுரைப் பாய் விரி, ஆனால் வாரம் ஒருமுறை தூக்கி மணலைக் கழுவு. பலகைக்கும் ட்யூபுக்கும் நடுவில் சிக்கின மணல் உப்புத்தாள் வேலையைச் செய்யும். கெளுத்தி மாதிரி முள்ளுள்ள மீன் ஏறுகிற பக்கத்தில் ட்யூப் மேல் ஒரு பட்டையைத் தியாகத்துக்கென்றே ஒட்டு.

நங்கூரக் கப்பியைப் பின்னால் மாட்டப் போவதாக எழுதியிருந்தாய். இதில் விளையாட்டு வேண்டாம். பின்பக்கம் ஏற்கெனவே கனம். அங்கே கயிறும் பிடித்து இழுத்தால் அலை பலகையைத் தாண்டி நேராக உள்ளே வரும். நங்கூரம் எப்போதும் முன்னாலிருந்துதான். கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது. நாலு மீட்டர் ஆழத்துக்கு இருபது மீட்டர். கையெட்டும் தூரத்தில் கயிறு அறுக்க ஒரு கத்தி.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்தத் தடுப்பு. சின்னவனையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்று கடிதத்தின் ஓரத்தில் கிறுக்கியிருக்கிறாய். ஒரு அறை போனாலும் மற்றது தாங்கும் என்று நாம் நம்புவது அந்த உள்தடுப்பை வைத்துத்தான். அது வெளியே தெரியாது. தடுப்பு கிழிந்த படகும் கேஜில் 3 பிஎஸ்ஐ காட்டும், நாள் முழுக்க நிற்கும். ஓட்டை விழுகிற அன்றைக்குத்தான் இரண்டு அறையும் ஒரே அறை என்று தெரியும். சோதிக்கும்போது ஒன்றை மட்டும் முழு அழுத்தத்துக்கு ஏற்றாதே, அந்தப் பாரத்திலேயே தடுப்பு பிய்யலாம். எல்லா அறையையும் மாற்றி மாற்றி 1 பிஎஸ்ஐ வரை ஏற்று. ஒன்றை மட்டும் முழுக்க இறக்கி, வால்வை மூடி வை. ராத்திரி முழுக்க அது தொளதொளவென்றே கிடக்க வேண்டும், பக்கத்து அறையின் கேஜ், ராத்திரிக் குளிரால் இறங்குகிறது போக, அசையக்கூடாது. பிறகு அடுத்த அறை.

காலையில் இறக்கின அறை கொஞ்சமாவது உப்பியிருந்தால் எனக்கு உடனே எழுது. அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. அதுவரை சின்னவனிடம் தேதி எதுவும் சொல்லி வைக்காதே. அவனுக்கு லைஃப் ஜாக்கெட் எடுக்கும்போது அவன் எடைக்கானதை எடு, வளர்வான் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்காதே.

உன்
பழைய பாவி