"டிஸ்பிளே வரல" என்றதும் "கார்டு போச்சு" என்று சொல்லாதீர்கள்: மதுரை அசெம்பிளிங் கடைகளுக்கு ஒரு திறந்த மடல்

டவுன் ஹால் ரோட்டிலும் சிம்மக்கல்லிலும் மற்ற வீதிகளிலும் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கும் கடைக்காரர்களுக்கும், பெஞ்சில் உட்கார்ந்து மாட்டித் தரும் தம்பிகளுக்கும் வணக்கம்.

"புது சிஸ்டம், ஃபேன் சுத்துது, லைட் எரியுது, டிஸ்பிளே மட்டும் வரல." உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ இப்படிப் போன் வந்தால், "கார்டு போயிருக்கும், தூக்கிட்டு வாங்க" என்பதே பல கடைகளின் முதல் பதில். வாங்கியவர் கேபினெட்டை மடியில் வைத்து பஸ் ஏறுகிறார். வந்த பிறகு பார்த்தால் கார்டு, அதாவது திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு, நன்றாகவே இருக்கிறது. புது சிஸ்டத்தில் கார்டே செத்துப்போவது குறைவு. கேபிள், கரண்ட், கார்டு சொருகும் ஸ்லாட், பயாஸ் (சிஸ்டம் எழும்போது முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) இவற்றில்தான் பெரும்பாலும் கோளாறு. அவற்றில் பாதியைப் போனிலேயே தீர்க்கலாம்.

முதலில் மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது என்று கேளுங்கள். கேபினெட்டின் பின்னால் மேலே மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐ, அதற்குக் கீழே படுக்கைவசத்தில் கார்டின் ஹெச்டிஎம்ஐ. வீட்டுக்குப் போனதும் கைக்கு முதலில் அகப்படுவது மேலே உள்ளதுதான். ஐ5-12400எஃப், ரைசன் 5 5600, ரைசன் 5 7500எஃப் போன்ற பிராசஸர்களில் உள் கிராஃபிக்ஸே கிடையாது. அப்போது மேலே உள்ளதில் சொருகினால் எத்தனை வருஷம் ஆனாலும் படம் வராது. மானிட்டரில் இன்புட் எதில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். வீட்டில் பழைய விஜிஏ மானிட்டர் இருந்தால், இன்றைய கார்டுகளில் அந்த போர்ட் இல்லை, சிக்னலை மாற்றித் தரும் கன்வெர்ட்டர் வேண்டும் என்று விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கரண்ட். இதில்தான் நிறைய அவசரம் நடக்கிறது. மதர்போர்டில் கார்டு உட்காரும் பிசிஐஇ ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் 150. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட் தேவை என்பதால் ஸ்லாட் கரண்ட் மட்டும் போதாது. 8 பின் சொருகாமல் விட்டால் ஃபேன் சுற்றும், படம் வராது. எஸ்எம்பிஎஸ்ஸில் (சிஸ்டத்துக்குக் கரண்ட் தரும் பெட்டியில்) 4+4 என்று பிரியும் கேபிள் பிராசஸருக்கு, 6+2 என்று பிரிவது கார்டுக்கு. அழுத்திச் சொருகினால் உள்ளே போகும் என்று ஒன்றை இன்னொன்றில் மாட்டக் கூடாது, இரண்டிலும் பாசிட்டிவும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் இன்னும் கவனம் தேவை: ஒரு கம்பெனியின் கேபிளை வேறு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸில் போட்டால் நல்ல கார்டும் எரியும். மிச்சமிருக்கும் கேபிள்களை ஒரே பெட்டியில் கலந்து போடும் பழக்கத்தை தயவுசெய்து விடுங்கள்.

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி கிராஃபிக்ஸ் கார்டு மாட்டாதீர்கள். மேலே 450 வாட் என்று ஒட்டியிருக்கும். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், உண்மை அங்கே இருக்கிறது. டெஸ்க்டாப் வரும்வரை எல்லாம் சரியாக இருக்கும். கேம் ஆரம்பித்ததும் திரை கறுத்து, கார்டின் ஃபேன் உச்சத்தில் கத்தினால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான் வர வேண்டும். யுபிஎஸ்ஸும் இதே கதை. 600 விஏ என்று விற்பதில் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும்.

இனி வழியில் நடப்பது. கடையில் ஓடிய சிஸ்டம் தேனிக்கோ அருப்புக்கோட்டைக்கோ போனதும் ஓடவில்லை என்றால், குலுங்கியதில் கார்டு ஸ்லாட்டை விட்டு அரை மில்லிமீட்டர் எழும்பியிருக்கலாம். ஒரு கிலோவைத் தொடும் கார்டை மாட்டியபடியே பார்சல் போடாதீர்கள். கழற்றி, அதன் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்து, மாட்டும் விதத்தை வீடியோ காலில் காட்டுங்கள். ஸ்லாட் ஓரத்துப் பூட்டு 'டிக்' என்று விழ வேண்டும், ஸ்க்ரூ அதற்குப் பிறகுதான். விலை குறைந்த கேபினெட்டுகளில் பின்பக்கத் தகடு சற்று வளைந்திருக்கும். ஸ்க்ரூவை இறுக்கும்போது அது கார்டின் முனையை மேலே தூக்கிவிடும். தகட்டை நிமிர்த்தாமல் கார்டை எத்தனை முறை அமுக்கினாலும் பயனில்லை.

மதர்போர்டில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சின்ன லைட் இருந்தால் எது நிற்கிறது என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது. டிராம் லைட் நின்றால் கார்டைத் தொடவே வேண்டாம். ரேமைக் கழற்றி, ஒற்றைக் குச்சியாக, பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போடச் சொல்லுங்கள். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டில் டிடிஆர்5 ரேம் போட்டால் முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடங்கள் ஆகும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பதறி ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இதைச் சொல்லி அனுப்பாததால்தான் பல போன்கள் வருகின்றன. பி450 போர்டில் ரைசன் 5000, பி660 போர்டில் 13ஆம் தலைமுறை பிராசஸர் என்றால், பழைய பயாஸில் டிஸ்பிளே வராது. டெலிவரிக்கு முன்பே அப்டேட் செய்யுங்கள்.

வாடிக்கையாளர் தன் பழைய கார்டைக் கொண்டுவந்து புது போர்டில் போடச் சொன்னால் வேறொரு சிக்கல். யுஇஎஃப்ஐ (இன்றைய போர்டுகளின் புதிய வகை பயாஸ்) ஆதரவு இல்லாத அந்தக் காலத்துக் கார்டுகள், பயாஸில் சிஎஸ்எம் (பழைய கார்டுகளுக்கான இணக்க வசதி) அணைந்திருந்தால் படம் காட்டாது. உள் கிராஃபிக்ஸ் வழியாக உள்ளே போய், போர்டில் அந்த வசதி இருந்தால் சிஎஸ்எம்மை எழுப்ப வேண்டும். இல்லாவிட்டால் கார்டை மாற்றுவதுதான் வழி. கார்டைச் செங்குத்தாக நிறுத்த ரைசர் கேபிள் (ஸ்லாட்டையும் கார்டையும் இணைக்கும் நீட்டிப்பு) போட்டிருந்தால், அது பிசிஐஇ ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) கேபிளா என்று பார்த்து, ஸ்லாட் வேகத்தையும் பயாஸில் ஜென் 3 ஆக்குங்கள்.

பயாஸ் திரை வந்து, விண்டோஸ் வரும்போது மட்டும் கறுப்பானால் அது பெரும்பாலும் டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) கோளாறு. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். டிரைவர் மறுபடி எழும். இல்லையென்றால் சேஃப் மோடில் போய் டிடியு (டிரைவரை முழுதாக நீக்கும் மென்பொருள்) கொண்டு பழையதைத் துடைத்துவிட்டு, கம்பெனி தளத்திலிருந்து புதிதாகப் போட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வராவிட்டால், அந்தக் கார்டை வேறு சிஸ்டத்திலும், தெரிந்த நல்ல கார்டை இந்த சிஸ்டத்திலும் மாற்றிப் போட்டுப் பார்த்த பின்பே "கார்டு போச்சு" என்ற சொல் வாயிலிருந்து வரட்டும். வாரன்டிக்குப் போன கார்டு திரும்பி வரும்வரை அந்த வீட்டில் படிக்கிற பிள்ளையின் வேலை நிற்கிறது.

உங்களிடம் கேட்பது இதுதான். ஒவ்வொரு சிஸ்டத்தையும் கார்டுக்கு முழுச் சுமை கொடுத்து 30 நிமிடமாவது ஓட்டிவிட்டு அனுப்புங்கள், மே மாத வெயிலில் ஏசி இல்லாத அறையிலும் ஓடும் என்று நம்பும் அளவுக்கு. மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐ வாயில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி மூடுங்கள். பில்லோடு ஒரு சீட்டில் கேபிள் சொருக வேண்டிய இடம், ரேம் இருக்கும் ஸ்லாட், பயாஸ் பதிப்பு, கார்டின் சீரியல் நம்பர் நான்கையும் எழுதிக் கொடுங்கள். போன் எடுப்பவர் மேசையிலும் அதே சீட்டின் நகல் இருக்கட்டும்.

அன்புடன்,
மதுரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவர்கள்